இருமுனை மனநிலைக் கோளாற்றுச் சிகிச்சை பற்றித் தமிழில் உரையாற்ற: சிகிச்சையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூக மன்றத்தில் இருமுனை மனநிலைக் கோளாறு பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்துக் கணினியை மூடிக்கொண்டிருந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அருகில் வந்து, கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, நான்கு மாத்திரை அட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்று அட்டைகளில் பாதிக்கு மேல் மாத்திரைகள் அப்படியே இருந்தன. "மகன் இப்ப நல்லாத்தான் இருக்கான் தம்பி. நாலு மாசமா ஒரு பிரச்சினையும் இல்ல. இனிமேலும் இதெல்லாம் வேணுமா?" என்று கேட்டார்.

நான் பேசிய அறுபது நிமிடங்களில் நாற்பது நிமிடம், நோய் உச்சத்தில் இருக்கும் மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பற்றியே பேசியிருந்தேன். நோய் அடங்கியிருக்கும் மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. அந்த அம்மா கேட்க வந்ததோ அந்த மாதங்களைப் பற்றித்தான். இந்த நோய்க்கான சிகிச்சையில் பெரும்பகுதி, நோயாளி நலமாக இருக்கும் நாள்களில்தான் நடக்கிறது. அன்றிலிருந்து அதையே என் உரைகளின் அச்சாக வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இப்பொருள் பற்றித் தமிழில் பேச அழைக்கப்படும் ஆலோசகர்களும் உளவியல் சிகிச்சையாளர்களும் படிப்படியாகத் தயாராவதற்கு உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேட்க வருபவர்கள் யார்?

அழைப்பை ஏற்பதற்கு முன், யார் வருவார்கள், ஏறத்தாழ எத்தனை பேர், கேள்வி நேரம் உண்டா என்பவற்றை ஏற்பாட்டாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை சமூக மன்றத்தில் கூடும் மூத்தோருக்கும், பயிலரங்கிற்கு வரும் தமிழாசிரியர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் கட்டுமான ஊழியர்களுக்கும் ஒரே உரை பொருந்தாது. ஊழியர்களிடம் பேசும்போது, "விஷயம் வெளியே தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ" என்ற அச்சத்தை முதலிலேயே எடுத்துப் பேசாவிட்டால், அதன்பின் சொல்லும் எதுவும் அவர்கள் காதில் ஏறாது. ஆசிரியர்களுக்கு, பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான் இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டும் என்பதே முதன்மையான செய்தி.

2016ஆம் ஆண்டின் இரண்டாவது சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்கு வசிப்போரில் 1.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த நோய் வந்திருந்தது. 2010ஆம் ஆண்டின் முதல் ஆய்வில் அது 1.2 விழுக்காடாக இருந்தது. வெறும் கணக்குப்படி பார்த்தால் அறுபது பேர் கூடும் அறையில் ஒருவர் இருப்பார். ஆனால் இப்படிப்பட்ட தலைப்பைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு காரணம் இருக்கும். ஆகவே நோயுள்ளவர் ஒருவரும், அவரைப் போன்றவரைப் பராமரிப்பவர்கள் சிலரும் கட்டாயம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணியே உரையை எழுதுங்கள். உங்கள் அறைக்கு வரும் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கும் எந்த வாக்கியமும் மேடையிலும் வேண்டாம். 'இவர்கள்', 'அப்படிப்பட்டவர்கள்' என்று கூடத்துக்கு வெளியே இருப்பவர்களைச் சுட்டுவதுபோல் பேசினால், கூடத்துக்குள் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

இரண்டாம் படி: சொற்களை முடிவு செய்தல்

தமிழ் உரையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து. நம்மில் பலர் இந்த நோயைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தவர்கள். நோயாளிகளும் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தமிழில் விளக்க முயன்று சொல் கிடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கொடுப்பது உரையின் கடமைகளில் ஒன்று.

நோயின் பெயருக்கு இருதுருவம், இருமுனையப் பிறழ்வு எனப் பல வழக்குகள் உள்ளன. நான் 'இருமுனை மனநிலைக் கோளாறு' என்று ஒருமுறை சொல்லி, 'பைபோலார் என்று டாக்டர் சொல்வது இதைத்தான்' என்று சேர்த்துவிடுவேன். மருந்துச் சீட்டில் அவர்கள் பார்க்கப்போவது இரண்டாவது பெயரை என்பதால் அதை ஒதுக்க முடியாது. மனநிலை அளவுமீறி உயரும் கட்டத்தை 'மிகையெழுச்சி' என்றும், தாழும் கட்டத்தை 'மனச்சோர்வு' என்றும் சொல்கிறேன். ஒன்றைத் தேர்ந்துகொண்டால் உரை முடியும்வரை அதையே பயன்படுத்துங்கள். மூன்று பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னால் மூன்று நோய்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மிகையெழுச்சிக்குப் 'பித்து' என்ற பழைய சொல்லைப் பயன்படுத்தலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அழகான சொல்தான், பக்தி இலக்கியத்தில் இறைவனையே அழைக்கும் சொல். ஆனால் கேட்பவர் மனம் உடனே பித்தத்துக்குப் போய்விடும். "பித்தம் தலைக்கேறிடுச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சா சரியாயிடும்" என்று வளர்ந்த தலைமுறை முன்னால் அமர்ந்திருக்கும்போது, நாமே அந்தக் கதவைத் திறந்துவிடக் கூடாது.

வசைச்சொற்களையும் சந்திக்கத்தான் வேண்டும். யியோ சூ காங் சாலையில் 1928இல் திறக்கப்பட்டு 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்ற மருத்துவமனை, 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகமாக இயங்கி வருகிறது. ஆயினும் "உட்பிரிட்ஜுக்கு அனுப்பிடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டிய குரல் இன்றைய மூத்தோரின் காதில் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டிக்கும் தொனியில் தொடாமல், "இந்தப் பேச்சை நாமெல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம், அதனால்தான் முதல் முறை மருத்துவரிடம் போக இவ்வளவு காலம் ஆகிறது" என்று சொன்னால் தலைகள் அசைவதைப் பார்க்கலாம்.

கடைசியாக, 'மூட் சரியில்லை' என்பதற்கும் இந்த நோய்க்கும் உள்ள வேறுபாட்டை நாள் கணக்கில் சொல்லுங்கள். மிகையெழுச்சி என்றால் குறைந்தது 7 நாள், அல்லது எத்தனை நாளானாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமை. அதன் மிதமான வடிவம் குறைந்தது 4 நாள் நீடிக்கும். மனச்சோர்வுக் கட்டம் குறைந்தது 2 வாரம். காலையில் சிரித்து மாலையில் கோபப்படுகிறவருக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டும் பழக்கம் இந்த மூன்று எண்களைக் கேட்டதும் குறையும்.

மூன்றாம் படி: நோயின் கோட்டை வரைந்து காட்டுதல்

படவில்லையைவிட வெண்பலகையும் பேனாவும் இந்த இடத்தில் நன்றாகப் பயன்படும். நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, அதற்கு மேல் ஒரு மலையும் கீழ் ஒரு பள்ளமும் வரையுங்கள். கேட்பவர்கள் இரண்டும் ஒரே அளவு என்றே கற்பனை செய்திருப்பார்கள். லூயிஸ் ஜட் குழுவினர் முதல் வகை நோயுள்ள (அதாவது, முழு மிகையெழுச்சி வரும் வகை) 146 பேரைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாரங்களை மனச்சோர்வில் கழித்தது தெரியவந்தது. மிகையெழுச்சிக்கும் அதன் மிதமான வடிவத்துக்கும் சேர்த்துச் சுமார் 9 விழுக்காட்டு வாரங்களே ஆகின. இதைச் சொல்லிக்கொண்டே பள்ளத்தை அகலமாக, நீளமாக மாற்றி வரையுங்கள். பிறகு நேர்கோட்டின்மேல் போகும் பகுதியைத் தடித்த கோடாக ஆக்கி, "நாம் இன்று இந்தப் பகுதியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

பள்ளம் இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் பலர் முதலில் மனச்சோர்வு என்று மட்டுமே கண்டறியப்படுகிறார்கள். சரியான பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் பிடிப்பது உலகெங்கும் பதிவான உண்மை. மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் சிலர் மிகையெழுச்சிக்குத் தாவிவிடக்கூடும். எனவே குடும்பத்தினர் மருத்துவரைப் பார்க்கும்போது சோர்வைப் பற்றி மட்டும் சொல்லாமல், "இதற்கு முன் தூக்கமே தேவைப்படாமல் உற்சாகமாக இருந்த நாள்கள் உண்டா" என்பதையும் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு அந்த நாள்கள் நோயாகவே தோன்றியிருக்காது. பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

நான்காம் படி: மருந்துப் பகுதியை எல்லையோடு எழுதுதல்

மருந்து எழுதிக்கொடுக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் மருந்தைத் தொடாமல் இந்த நோயின் சிகிச்சையைப் பற்றிப் பேசவும் முடியாது. இந்தப் பகுதியை எழுதியதும் ஒரு மனநல மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மேடையில் அளவு சொல்லாதீர்கள். யாருடைய மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லாதீர்கள்.

தொடங்குவதற்கு, மனநிலையைச் சீராக வைக்க உதவும் லித்தியம் என்ற மருந்தின் கதையைவிட நல்ல இடம் இல்லை. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மிகையெழுச்சியில் இருந்த பத்துப் பேருக்கு இந்த உப்பைக் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி ஐந்து ஆண்டுகளாக அடங்காத மிகையெழுச்சியில் இருந்தவர். சில மாதங்களில் தேறி வீடு திரும்பினார். வீட்டில் நலமாக இருந்தவர் மருந்தை விட்டார். ஆறு மாதத்துக்குள் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தார். மாத்திரை அட்டைகளோடு என்னிடம் வந்த அம்மாவின் கேள்விக்கு இந்த ஒரு கதையே விடை. அதே மனிதர் பின்னர் லித்தியம் நச்சானதால் இறந்தார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இரத்தத்தில் அதன் அளவைத் தவறாமல் பார்த்துவரும் முறை அப்போது வந்திருக்கவில்லை. இன்று அந்த முறை இருப்பதால்தான், "டெஸ்ட் எடுக்கப் போகணுமே" என்று அலுத்துக்கொள்பவரிடம் அது ஏன் தேவை என்பதைச் சொல்ல முடிகிறது.

அந்தப் பரிசோதனை, கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். நீண்டகாலப் பயன்பாட்டில் பொதுவாக ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்குமாறு மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் அவ்வப்போது பார்ப்பார்கள். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும் என்பதைச் சிங்கப்பூர் வெயிலோடு இணைத்துச் சொல்லுங்கள். தைப்பூசத்தன்று விரதத்தோடு பால்குடம் எடுத்து, சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை நடப்பவரும், நோன்புக் காலத்தில் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவரும், தேசிய சேவையில் வெளிக்களப் பயிற்சிக்குச் செல்பவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். விரதம் இருக்கவே கூடாது என்று நாம் மேடையில் தீர்ப்புச் சொன்னால், மருந்தைத்தான் விடுவார்கள். "கேட்டுவிட்டு இருங்கள்" என்பதே சரியான சொல்.

மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடியவை. நம் வீடுகளில் வலி மாத்திரையைக் கைமாற்றிக் கொடுப்பது சாதாரணம் என்பதால் இதை இருமுறை சொல்லத் தயங்காதீர்கள். கை நடுக்கம் திடீரென அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் ஆகியவை வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மற்ற மருந்துகளை விரைவாகக் கடந்துவிடலாம். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். கார்பமசிபின் தொடங்குமுன் ஆசிய வம்சாவளியினருக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்வது 2013 முதல் சிங்கப்பூரில் நடைமுறை. கடுமையான தோல் எதிர்வினையைத் தவிர்க்கவே அது. லமோட்ரிஜினை மிக மெதுவாகத்தான் கூட்டுவார்கள். தோலில் தடிப்பு வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். ஒலான்சபின், குவெட்டியபின் போன்றவை எடையையும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். நீரிழிவு ஏற்கெனவே குடியிருக்கும் நம் குடும்பங்களில் இது சிறு விஷயமில்லை.

ஐந்தாம் படி: உங்கள் சொந்தத் துறையைப் பேசுதல்

உளவியல் சிகிச்சை மருந்தின் இடத்தைப் பிடிப்பதில்லை. மருந்தோடு சேர்ந்து நிற்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டால், பிறகு நம் துறையின் சான்றுகளைத் தயக்கமின்றி எடுத்து வைக்கலாம். பார்சிலோனாவில் பிரான்செஸ்க் கொலோமும் எட்வர்ட் வியட்டாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நோய் அடங்கி நலமாக இருந்த 120 பேர் இரு பிரிவானார்கள். ஒரு பிரிவு 21 அமர்வுகளில் நோயைப் பற்றியும் மருந்து, தூக்கம், முன்னறிகுறிகள் பற்றியும் குழுவாகக் கற்றது; மறு பிரிவு அதே எண்ணிக்கையில் பாடமில்லாமல் கூடிப் பேசியது. இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 67 விழுக்காடு, மறு பிரிவில் 92 விழுக்காடு. நலமாக இருந்தபோது கற்ற பாடம் இது என்பதைத்தான் நான் கூட்டத்தில் அழுத்திச் சொல்வேன். 67 என்பது சிறிய எண் இல்லை. அதை மூடி மறைத்து 'குணமாகிவிடும்' என்று வாக்களிக்காதீர்கள்.

மனச்சோர்வுக் கட்டத்தில் இருந்தவர்களைப் பற்றி, டேவிட் மிக்லோவிட்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 293 பேர் பங்கேற்றார்கள். ஒன்பது மாதங்களில் 30 அமர்வுகள்வரை தீவிர உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும், மூன்றே அமர்வுகள் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குள் தேறினார்கள். தொழில்முறைக் கூட்டமாக இருந்தால் ஜான் ஸ்காட்டின் 2006ஆம் ஆண்டு ஆய்வையும் சேர்த்துக்கொள்ளலாம்: எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் எண்ண நடத்தைச் சிகிச்சை, குறைந்த முறையே நோய் வந்தவர்களுக்கு உதவியது, பன்னிரண்டுக்கு மேல் வந்தவர்களுக்கு உதவவில்லை. தொடக்கத்திலேயே நம்மிடம் அனுப்புங்கள் என்று மருத்துவர்களிடம் கேட்பதற்கு இது வலுவான காரணம்.

பொதுமக்களிடம் சிகிச்சைகளின் பெயர்களை அடுக்க வேண்டாம். உளவியலாளர் எலன் பிராங்க் உருவாக்கிய சிகிச்சையின் உயிர்நாடி, எழும் நேரம், உண்ணும் நேரம், முதல் மனிதரைச் சந்திக்கும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவை நாள்தோறும் ஒரே தாளத்தில் அமைய வேண்டும் என்பது. இதை நம் வாழ்க்கைக்குள் வைத்துக் காட்டுங்கள். சென்னையில் நள்ளிரவுக்கு விமானம் ஏறி விடியற்காலையில் சாங்கியில் இறங்குபவருக்கு இரண்டரை மணி நேர வித்தியாசத்தோடு ஓர் இரவுத் தூக்கமே போய்விடுகிறது. ஊரில் அதிகாலை முகூர்த்தக் கல்யாணம், அதற்கு முந்தைய இரவு உறவினரோடு விடிய விடியப் பேச்சு என்றால் மூன்று இரவுகள் தொடர்ந்து கெடும். கல்யாணத்துக்குப் போகாதே என்று சொல்ல நமக்கு மனம் வராது. பகல் விமானம், மண்டபத்துக்கு வெளியே தனி அறை, பத்து மணிக்குப் படுக்கை என்று முன்பே திட்டமிடச் சொல்லலாம். பிள்ளைபெற்ற பின் வரும் வாரங்களில் நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகம் என்பதால், இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ முறைபோட்டு விழிப்பதும் சிகிச்சைதான். பத்தியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு அக்கறை காட்டும் நம் குடும்பங்கள் அதை ஏற்றுக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உரையின் நடுவே பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு தாளை நிரப்பச் செய்யுங்கள். நான் கொடுப்பது ஒரே பக்கம், மூன்று பட்டைகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் நலமாக இருக்கும்போது அவர் எப்படி இருப்பார் என்று எழுதுவது. மஞ்சளில் பொதுவான அறிகுறிகளை எழுதவிடாதீர்கள்; அந்த ஒருவருக்கே உரியதைக் கேளுங்கள். "இரவு இரண்டு மணிக்குச் சமையலறை அலமாரியை இறக்கித் துடைப்பது", "விடிகாலையில் வாட்ஸ்அப்பில் பத்து நிமிடக் குரல் பதிவு அனுப்புவது", "இரண்டு நாள் குளிக்காமல், திரைச்சீலையைத் திறக்கவிடாமல் இருப்பது" போன்றவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, யார், எந்தச் சொற்களில் எடுத்துச் சொல்வது என்று எழுத வேண்டும். "மாத்திரை போட்டியா?" என்று அப்பா அதட்டுவதைவிட, "அண்ணே, நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று தங்கை கேட்பதை நோயாளியே தேர்ந்தெடுத்து எழுதியிருந்தால் சண்டை வராது. சிவப்பில் எந்த எண்ணை அழைப்பது, வங்கி அட்டையை யாரிடம் கொடுத்துவைப்பது, வேலையிடத்தில் யார் தகவல் சொல்வது என்பவை. நலமான நாளில் நோயாளி தம் கையெழுத்திட்ட தாள் என்பதால்தான் நலமற்ற நாளில் அதற்கு மதிப்பு இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவதா, அலமாரிக்குள் வைப்பதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

ஆறாம் படி: எடுத்துக்காட்டுகளும் இரகசியமும்

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். இவ்வளவு சிறிய சமூகத்தில் பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைவதில்லை. ஒருமுறை நான் ஒருவருடைய தொழிலையும் வயதையும் மாற்றிக் கதை சொன்னேன். கோயில் திருவிழாவில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே அந்தக் குடும்பத்திடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டாலும், அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதன்பின் உண்மை மனிதர் எவரையும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை. பலரிடம் பார்த்ததைக் கலந்து முழுக்கக் கற்பனையாக ஒருவரை உருவாக்கி, "இவர் கற்பனை மனிதர்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நோயிலிருந்து மீண்டவர் ஒருவர் தாமாகவே பேச முன்வந்தால், அவர் உங்களிடம் சிகிச்சை பெறாதவராக இருந்தால் மட்டுமே அழையுங்கள். உங்கள் நோயாளிக்கு உங்களிடம் 'முடியாது' என்று சொல்வது எளிதன்று.

ஏழாம் படி: தற்கொலை பற்றிய பகுதி

இந்த நோயில் தற்கொலை ஆபத்து பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இதைத் தவிர்ப்பது பொறுப்பாகாது. எப்படி இறந்தார்கள் என்ற விவரம், தனிமனிதர் கதை, உருக்கமான படம் எதுவும் வேண்டாம். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்று தெளிவாகச் சொல்லி, "சாகணும்னு தோணுதா?" என்ற கேள்வியைச் சாதாரணக் குரலில் கேட்டும் காட்டுங்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமில்லை என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டு என்பதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். லித்தியம் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருப்பதும் இங்கே பொருந்தும்.

பிறகு எண்களைத் திரையில் ஒரு முழு நிமிடம் வைத்திருங்கள்: மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222, தேசிய மனநல உதவி எண் 1771, சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767, உயிருக்கு ஆபத்து என்றால் 995. உரைக்கு முந்திய நாள் ஒவ்வோர் எண்ணையும் நீங்களே சரிபார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: கேள்விகளுக்குத் தயாராதல்

சில கேள்விகள் கட்டாயம் வரும். "பரம்பரையா வருமா? கல்யாணம் பண்ணிவைக்கலாமா?" என்பது முதலாவது, பெரும்பாலும் அது தனியே, மெதுவான குரலில் கேட்கப்படும். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 10 பேருக்கு வரலாம். மற்றவர்களுக்கு வருவதில்லை என்று இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். கல்யாணம் செய்துவைத்தால் நோய் சரியாகும் என்ற நம்பிக்கையை மென்மையாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி மறுங்கள். மறைத்துச் செய்துவைப்பதால் மருந்தை ஒளித்துப் போட வேண்டிய நிலை வரும், அது நீடிக்காது.

"செய்வினையா இருக்குமோ?" என்று கேட்பவரை நகைக்காதீர்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதால் கிடைக்கும் ஆறுதலைக் கெடுக்காமல், "போங்கள், மாத்திரையையும் விடாமல் போடுங்கள்" என்பதே என் பதில். நாட்டு மருந்து எதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

செலவு பற்றிய கேள்விக்கு, நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இந்த நோயும் அடங்குவதால் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பணத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லி, அப்போதைய வரம்பைச் சுகாதார அமைச்சின் அறிவிப்பில் பார்த்துக்கொண்டு போங்கள். வேலை பற்றிய கேள்விக்கு, நாடாளுமன்றத்தில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் மனநலக் குறைபாட்டையும் பாகுபாட்டிலிருந்து காக்கும் கூறுகளில் சேர்த்திருப்பதைக் குறிப்பிடலாம்.

பெயர் சொல்லி எழுந்து கேட்கத் தயங்குபவர்களே அதிகம். தொடக்கத்திலேயே சிறு தாள்களைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஒத்திகையும் அன்றைய நாளும்

உரையை உரக்கப் படித்து நேரம் பாருங்கள். எழுத்துத் தமிழில் நாற்பது நிமிடத்துக்கு எழுதியது பேச்சில் ஐம்பதாகும். படவில்லைகள் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். வேறொருவர் கணினியில் தமிழ் எழுத்துரு கட்டம் கட்டமாகச் சிதறுவது நடக்கும் என்பதால், பிடிஎஃப் வடிவத்திலும் ஒரு படி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவம் தெரியாத ஒருவரிடம் ஒருமுறை பேசிக்காட்டி, அவருக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். என் சித்தி அப்படி எனக்காக உட்கார்ந்தவர். 'உயிர்க்கடிகாரம்' என்ற சொல்லை நான் கைவிட்டது அவரால்தான்.

அன்று அரை மணி நேரம் முன்னதாகப் போய், கதவருகே இரண்டு மூன்று நாற்காலிகளைக் காலியாக விடச் சொல்லுங்கள். இடையில் எழுந்து போக வேண்டியவர் எல்லாரையும் தாண்டிப் போக வேண்டியிருக்கக் கூடாது. ஆலோசகர் ஒருவர் பின்வரிசையில் நின்று, வெளியே செல்பவரைச் சற்றுக் கழித்துப் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பராமரிப்பாளர்களுக்கு இலவசப் பயிற்சி தரும் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் போன்ற அமைப்புகளின் தகவல்களைக் கையேடாக வைத்திருங்கள்.

உரை முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். உண்மையான கேள்விகள் அப்போதுதான் வரும். யாராவது மாத்திரைப் பையைத் திறந்தால், எதை நிறுத்தலாம் என்று சொல்லாமல், எத்தனை நாளாக எது எடுக்கப்படவில்லை என்பதைத் தாளில் எழுதச் சொல்லி, மறுநாள் காலை மருந்தகத்தையோ மருத்துவரையோ அழைக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவோடு அப்படித்தான் உட்கார்ந்து எழுதினேன். "மகன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். அதற்கான சொற்களையும் அவரே கண்டுபிடித்து அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்று பட்டைத் தாளை நாற்காலிகளின் எண்ணிக்கையைவிட இருபது படி கூடுதலாக எடுத்துச் சென்று கதவருகே வையுங்கள். போகும்போது சிலர் இரண்டு எடுத்துக்கொண்டு, "ஒரு தெரிஞ்சவங்களுக்கு" என்பார்கள். யாருக்கு என்று கேட்காதீர்கள்.